கல்யாண ஃபுட்டேஜை தர்மபுரியிலருந்து கிருஷ்ணகிரிக்கு கமாண்ட் லைன்ல அனுப்பறோம்: எஸ்சிபி, ஆர்சிங்க், எஸ்எஃப்டிபி மூணும் நாலு வருஷம் ஓட்டிப் பாத்த ரிவியூ

போன தை மாசம் பென்னாகரம் பக்கத்துல ஒரு கல்யாணம் பண்ணோம். ஆல்பம் செலக்‌ஷனுக்கு பொண்ணோட அம்மா வீட்டுக்கு வந்திருந்தாங்க, எல்லாப் போட்டோவும் பாத்து முடிச்சுட்டு எழுந்திரிக்கறப்போ மெதுவா ஒண்ணு கேட்டாங்க, "ஏம்மா, இந்தப் படமெல்லாம் யார் யாருக்கு அனுப்புவ, வெளிய எங்கயும் போயிடாதில்ல?"ன்னு. நான் யோசிக்காம பதில் சொன்னேன். இந்த வீட்ல ஒரு டிஸ்க்ல இருக்கும், கிருஷ்ணகிரில வீடியோ எடிட் பண்ற தம்பி கிட்ட இருக்கும், நடுவுல வேற எந்தக் கம்பெனி சர்வர்லயும் தங்காது, போற வழியில யாரும் பிரிச்சுப் பாக்கவும் முடியாது ஆன்ட்டின்னு. இதே கேள்விய நாலு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா என்கிட்ட பதிலே இல்ல. அந்தப் பதில எனக்குக் குடுத்த மூணு டூலப் பத்திதான் இந்த ரிவியூ, மூணுமே இலவசம், மூணுமே கறுப்பு ஸ்கிரீன்ல டைப் பண்றது, ஆனா மூணும் ஒண்ணு இல்ல.

நாங்க தர்மபுரில சின்ன ஸ்டுடியோ. அவரு ஷூட் போவாரு, கார்டு டம்ப் பண்றது, பேக்கப், ஆல்பம் டிசைன், லேபுக்கு அனுப்பறது எல்லாம் என் பொறுப்பு. ஒரு கல்யாணம்னா ரெண்டு கேமரா, முதல் நாள் ரிசப்ஷன், காலைல முகூர்த்தம், அப்புறம் கேஆர்பி டேம்லயோ ஒகேனக்கல்லயோ ஒரு அவுட்டோர். 4கே ஃபுட்டேஜ் 100 எம்பிபிஎஸ் பிட்ரேட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, இது கணக்குப் போட்டாலே வரும். அதனால ஒரு கல்யாணம் சாதாரணமா 180 ஜிபி கிட்ட வந்து நிக்கும். இத எடிட்டர் கைக்குக் கொண்டு போறதுதான் எங்க தொழில்லயே பெரிய தலைவலி.

முன்னாடியெல்லாம் ஹார்ட் டிஸ்க்க துணில சுத்தி, டப்பால போட்டு, தெரிஞ்ச பஸ்ல குடுத்து விடுவோம். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு மணி நேரத்துல கிருஷ்ணகிரி போயிடும், தம்பி பஸ் ஸ்டாண்டுல நின்னு வாங்கிப்பான். ஒரு தடவ பஸ்ஸுல ஆள் மாறிட்டாங்க, டப்பாவ எறக்க மறந்துட்டாங்க, அது ஓசூர் வரைக்கும் போயி மூணாவது நாள் திரும்பி வந்துச்சு. தொறந்தா டிஸ்க் டிக் டிக்னு சத்தம். நல்ல வேளை, கார்ட நான் அழிக்கல. அந்த மூணு நாளும் நான் சரியாத் தூங்கல, டிஸ்க் போனதுக்காக இல்ல, அதுல ஒரு பொண்ணோட நலங்கு வீடியோ, ரூம்ல ரெடியாகறது எல்லாம் இருந்துச்சு, லாக்கு எதுவும் கிடையாது, எடுத்தவன் சொருகினா தொறந்துக்கும். அப்புறம் ஒரு இலவச ஃபைல் அனுப்பற சைட்டுக்கு மாறினோம். லிங்க் இருந்தா யார் வேணா தொறக்கலாம்ங்கறது அப்ப உறைக்கல, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பின லிங்க் ஒரு ஃபேமிலி குரூப்புக்குப் போயி, அங்கருந்து இன்னொரு குரூப்புக்குப் போயி, செலக்‌ஷனே ஆகாத படமெல்லாம் ஊர் முழுக்க பாத்துட்டாங்க. அந்த வீட்ல எங்கள ஒரு வார்த்தை திட்டல, ஆனா அடுத்த பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஸ்டுடியோ போயிட்டாங்க.

அந்த வருஷம் ஆடி மாசம், முகூர்த்தம் இல்லாம சும்மா இருந்தப்போதான் இதுல உக்காந்தேன். பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருந்துச்சு, அதுல உபுண்டுங்கற இலவச லினக்ஸ் போட்டு, 4 டிபி டிஸ்க் மாட்டி, எஸ்எஸ்எச் சர்வர இன்ஸ்டால் பண்ணேன். கமாண்ட் எல்லாத்தையும் கிருஷ்ணகிரி தம்பிக்கு போன்ல சொன்ன மாதிரியே இங்க சொல்றேன், வாயால சொன்னாத்தான் எந்த எழுத்து எதுக்குன்னு மனசுல நிக்குது.

மூணு டூலுக்கும் அடியில ஓடற குழாய் ஒண்ணுதான், எஸ்எஸ்எச், ரெண்டு மெஷினுக்கு நடுவுல போறத எல்லாம் பூட்டுப் போட்டு அனுப்பற முறை. 1995ல ஃபின்லாந்துல ஹெல்சின்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டில இருந்த டாட்டு இலோனென் எழுதினது. அவங்க நெட்வொர்க்ல யாரோ உக்காந்து போற வர்ற பாஸ்வேர்ட எல்லாம் திருடிட்டாங்க, அப்பெல்லாம் டெல்நெட், எஃப்டிபி எல்லாத்துலயும் பாஸ்வேர்ட் அப்படியே வெறும் எழுத்தாப் போகும், நடுவுல இருக்கறவன் படிச்சுக்கலாம். அந்தக் கோவத்துல எழுதினதுதான் இது. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவுல காலியா இருந்த 22ஆம் நம்பர் போர்ட்ட, அதாவது மெஷினுக்குள்ள வர்ற வாசல் நம்பர, அவரு கேட்டு வாங்கினாரு. இன்னிக்கு நாம எல்லாரும் ஓட்டறது ஓபன்எஸ்எஸ்எச், ஓபன்பிஎஸ்டி ஆளுங்க 1999லருந்து பாத்துக்கிட்டு வர்றது. எனக்கு இந்தக் கத பிடிச்சதுக்குக் காரணம், அவருக்கு பாஸ்வேர்ட், எனக்கு அடுத்த வீட்டுப் பொண்ணு படம், பயம் ஒரே பயம்தான்.

முதல்ல எஸ்சிபி. கத்துக்க பத்து நிமிஷம் போதும். எஸ்சிபின்னு அடிச்சு, ஃபைல் பேரு, அப்புறம் அங்க இருக்கற யூசர் பேரு, அட் சிம்பல், மெஷின் அட்ரஸ், உடனே ஒரு கோலன், அதுக்கு அப்புறம் எந்த ஃபோல்டர்ல போடணுமோ அது. ஃபோல்டரா அனுப்பணும்னா மைனஸ் ஆர். விண்டோஸ் 10 வச்சிருக்கறவங்களுக்குக் கூட 2018க்கு அப்புறம் வந்த வெர்ஷன்ல இது கூடவே வருது, தனியா எதுவும் இறக்க வேண்டாம், கமாண்ட் ப்ராம்ப்ட தொறந்து அடிச்சா ஓடும். பத்து ஆல்பம் ஷீட் அனுப்பணும், ஒரு டீசர் வீடியோ அனுப்பணும்னா இதவிட சுலபமா ஒண்ணும் இல்ல.

ஆனா அந்தக் கோலன் இருக்கே, அத விட்டீங்கன்னா எர்ரரே வராது, அமைதியா முடிஞ்சுடும். அது என்ன பண்ணுதுன்னா அந்த யூசர் பேரு, அட்ரஸ் எல்லாத்தையும் சேத்து ஒரு ஃபைல் பேருன்னு எடுத்துக்கிட்டு நம்ம மெஷின்லயே ஒரு காப்பி போட்டுடும். தம்பி "அக்கா வரல"ங்கறான், நான் "போயிடுச்சுடா, நல்லாப் பாரு"ங்கறேன், அரை மணி நேரம் போச்சு. இன்னொண்ணு, போர்ட் நம்பர் மாத்தி வச்சிருந்தா எஸ்எஸ்எச்ல சின்ன பி, எஸ்சிபில பெரிய பி. எஸ்சிபில சின்ன பி போட்டா ஃபைலோட தேதிய அப்படியே வச்சுக்கோன்னு அர்த்தம், போர்ட் நம்பர ஃபைல் பேருன்னு நினைச்சு அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு சொல்லும்.

எஸ்சிபிய நான் பெரிய வேலைக்கு ஒதுக்கினதுக்குக் காரணம் இது எதுவும் இல்ல. பாதில அறுந்தா விட்ட எடத்துலருந்து ஆரம்பிக்காது. எங்க ஏரியால மழை வந்தா கரண்ட் போகும், கரண்ட் போனா நெட் போகும். 30 ஜிபி கிளிப் ஒண்ணு 28 ஜிபில நின்னுச்சுன்னா மறுபடி முதல்லருந்துதான். அதோட, ஓபன்எஸ்எஸ்எச் ஆளுங்களே 2019ல 8.0 வெர்ஷன் விட்டப்போ எஸ்சிபி ப்ரோட்டகால் பழசாயிடுச்சு, சுலபமா சரி பண்ண முடியாது, எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் மாதிரி எதாவது பயன்படுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. சர்வர் பக்கம் இருக்கறவன் கெட்டவனா இருந்தா நாம கேக்காத ஃபைலயும் நம்ம மெஷின்ல எழுதிடலாம்னு ஒரு ஓட்டை அந்த சமயத்துலதான் வெளிய வந்துச்சு. 2022 ஏப்ரல்ல வந்த 9.0லருந்து எஸ்சிபின்னு அடிச்சாலும் உள்ள ஓடறது எஸ்எஃப்டிபிதான். எங்க வீட்டு நெட்வொர்க்ல டிஸ்க்க மாட்டி வச்சிருக்கற பழைய நாஸ் பெட்டிக்கு இது ஒத்துவரல, பெரிய ஓ போட்டு பழைய முறைலயே போன்னு சொன்னாத்தான் கேக்குது. வீட்டுக்குள்ள இருக்கற பெட்டிதானேன்னு அதுக்கு மட்டும் விட்டு வச்சிருக்கேன்.

ஆர்சிங்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதுல நிறைய பேர் சோம்பேறித்தனம் பண்றாங்க. முதல் தடவ ஒரு மெஷினுக்குக் கனெக்ட் பண்றப்போ, இந்த மெஷின் யாருன்னு எனக்குத் தெரியல, இதோட ஃபிங்கர்பிரிண்ட் இது, தொடரவான்னு கேக்கும். எல்லாரும் எஸ்னு அடிச்சுட்டுப் போயிடறாங்க. நம்ம பாதுகாப்பு மொத்தமும் அந்த ஒரு கேள்வில இருக்கு, நடுவுல ஒருத்தன் நான்தான் அந்த மெஷின்னு சொல்லி உக்காந்திருந்தா அவனுக்கே எல்லாத்தையும் பூட்டுப் போட்டு பத்திரமா அனுப்பி வைப்போம். நான் தம்பிய போன்ல வச்சுக்கிட்டு, எங்க சர்வர்ல எஸ்எஸ்எச் கீஜென்ல மைனஸ் எல், மைனஸ் எஃப் போட்டு அந்த ஹோஸ்ட் கீயோட ஃபிங்கர்பிரிண்ட எடுத்து ஒவ்வொரு எழுத்தா வாசிச்சேன், அவன் அவனோட ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே வந்தான். 43 எழுத்து, பெரிசு சின்னது எல்லாம் கலந்து. "பெரிய கே, சின்ன எக்ஸ், ஏழு"ன்னு நான் சொல்ல, அவன் "ஆமாக்கா, ஆமாக்கா"ன்னு வர, ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி அவனுக்கு வரல. நான் ஒரு தடவ சர்வர ஃபார்மட் பண்ணி புதுசா போட்டப்போ, அடையாளம் மாறிடுச்சுன்னு பெரிய எழுத்துல ஒரு எச்சரிக்கை வந்து கனெக்‌ஷனையே நிறுத்திடுச்சு. அவன் எதையும் அழிக்காம எனக்கு போன் போட்டு "அக்கா, நீங்கதான் மாத்தினீங்களா?"ன்னு கேட்டான். அந்தப் பையன் மேல எனக்கு அன்னிக்கு மரியாதை கூடிப் போச்சு.

பாஸ்வேர்ட் நாங்க வைக்கவே இல்ல, கீ மட்டும்தான். எஸ்எஸ்எச் கீஜென்ல ஈடி25519 வகைல ஒரு ஜோடி செஞ்சா ரெண்டு ஃபைல் வரும், பப்னு முடியறது வெளிய குடுக்கறது, இன்னொண்ணு உயிர் போனாலும் யாருக்கும் குடுக்கக் கூடாது. தம்பி அவனோட பப் ஃபைல மெயில்ல அனுப்பினான், நான் சர்வர்ல ஆத்தரைஸ்டு கீஸ்ங்கற ஃபைல்ல அந்த ஒரு வரிய ஒட்டினேன், முடிஞ்சுது. அந்த ஃபைலுக்கு பர்மிஷன் 600, அது இருக்கற ஃபோல்டருக்கு 700 வைங்க, வேற யாரும் அதுல எழுத முடியற மாதிரி இருந்தா சர்வர் அந்தக் கீய நம்பாது, ஏன் லாகின் ஆகலன்னும் வெளிய சொல்லாது. கீக்கு ஒரு பாஸ்பிரேஸும் போடச் சொன்னேன், லேப்டாப் தொலைஞ்சா அதுதான் காப்பாத்தும். அப்புறம் சர்வர் கான்ஃபிக்ல பாஸ்வேர்ட் லாகினையே நிறுத்திட்டேன். இது ஏன் அவசியம்னு லாகப் பாத்தா தெரியும். வெளிய போர்ட்ட தொறந்து ஒரு ராத்திரிதான் ஆச்சு, காலைல பாத்தா ரூட், அட்மின், டெஸ்ட்னு யூசர் பேரா போட்டு எந்தெந்த ஊர்லருந்தோ வரிசையா தட்டிப் பாத்திருக்கானுங்க. எல்லாம் மெஷின் தட்டறது, நம்மள யாரும் தேடி வர்றதில்ல, ஆனா தாழ்ப்பாள் இல்லாத கதவு கிடைச்சா உள்ள வந்துடுவானுங்க.

வெளிய தொறக்கறதே எங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு. நிறைய வீட்டு நெட் கனெக்‌ஷன்ல நமக்குன்னு தனி ஐபி அட்ரஸ் கிடையாது, பல வீட்டுக்கும் சேத்து ஒண்ணக் குடுத்திருப்பாங்க, ரவுட்டர்ல எவ்வளவு போர்ட் ஃபார்வர்டு பண்ணாலும் வெளியிலருந்து ஆள் உள்ள வர முடியாது. கஸ்டமர் கேர்ல மூணு நாள் பேசினேன், கடைசில லைன் பாக்க வந்த பையன்தான் "அக்கா, ஸ்டேடிக் ஐபி வாங்குங்க, இல்லன்னா இது நடக்காது"ன்னு உண்மைய சொன்னான். மாசம் கொஞ்சம் கூட ஆகுது, பஸ்ல டிஸ்க் அனுப்பின செலவோட பாத்தா பெரிசு இல்ல. அது வாங்க முடியாதவங்க வயர்கார்டு மேல ஓடற டெய்ல்ஸ்கேல் போட்டா ரெண்டு மெஷினும் ஒரே வீட்ல இருக்கற மாதிரி பேசிக்கும், போர்ட்டே வெளிய தொறக்க வேண்டாம், அதுக்கு மேல எஸ்எஸ்எச் ஓட்டிக்கலாம்.

இப்ப ஆர்சிங்க். இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். ஆஸ்திரேலியால ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் சேந்து 1996ல விட்டது, விண்டோஸ் ஃபோல்டர லினக்ஸ்ல பாக்கறதுக்கு நாம போடற சாம்பா இருக்கே, அதையும் ஆரம்பிச்சது இதே ட்ரிட்ஜெல்தான்.

தம்பி ராத்திரி 10 மணிக்கு அவன் பக்கத்துலருந்து இழுப்பான். ஆர்சிங்க், மைனஸ் ஏ (உள்ள இருக்கறத எல்லாம் தேதி, ஓனர், பர்மிஷனோட எடு), மைனஸ் வி (என்ன பண்றன்னு காட்டு), மைனஸ் பெரிய பி, அப்புறம் எங்க சர்வர் அட்ரஸ், கோலன், அந்தக் கல்யாண ஃபோல்டர், அவனோட டிஸ்க்ல எடம். எங்க அப்லோட் 40 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 5 எம்பி, 180 ஜிபிக்கு பத்து மணி நேரம். காலைல 8 மணிக்கு அவன் டீ குடிச்சுட்டு வந்து உக்காரறப்போ ஃபைல் அங்க இருக்கும். நடுவுல அறுந்துச்சா, அதே கமாண்ட மேல் அம்புக்குறி அமுக்கி மறுபடி என்டர், அவ்வளவுதான். முடிஞ்ச ஃபைலயெல்லாம் சைஸும் தேதியும் பாத்துட்டு தாண்டிப் போயிடும், பாதில நின்ன ஃபைல அங்கருந்து தொடரும். இந்த பாதி ஃபைல வச்சுக்கற வேலை பெரிய பி பண்றது, அது இல்லாம ஓட்டினா அறுந்த உடனே பாதி ஃபைல அழிச்சுடும், அப்புறம் எஸ்சிபிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. மறுபடி ஆரம்பிச்ச உடனே கொஞ்ச நேரம் ஒண்ணும் நகராத மாதிரி இருக்கும், பயந்து கன்ட்ரோல் சி அடிச்சுடாதீங்க, ஏற்கனவே வந்த 28 ஜிபியப் படிச்சு சரிபாத்துக்கிட்டு இருக்குது. தம்பி ரெண்டு தடவ அப்படி நிறுத்திட்டு "ஹேங் ஆயிடுச்சுக்கா"ன்னான்.

மைனஸ் இசட்னு ஒண்ணு இருக்கு, சுருக்கி அனுப்பும். எல்லாரும் அதையும் சேத்துதான் எழுதிக் குடுக்கறாங்க, ஆனா வீடியோவும் ஜேபெக்கும் ஏற்கனவே சுருங்கினது, இன்னும் சுருங்காது, ப்ராசஸர் சூடாகறதுதான் மிச்சம். எங்க மாதிரி வேலைக்கு அத எடுத்துடுங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஆல்பம் கரெக்‌ஷன்லதான். ஒரு பிஎஸ்டி, அதாவது ஃபோட்டோஷாப் ஃபைல், 1 ஜிபி இருக்கும், மாமியார் வீட்ல ஒரு தல வெட்டுப்பட்டுடுச்சு, பேர்ல ஒரு புள்ளி வரலன்னு சொல்லுவாங்க, ஒரு லேயர் மாத்துவேன். ஆர்சிங்க் அந்த 1 ஜிபியையும் திருப்பி அனுப்பாது. வாங்கற பக்கம் இருக்கற பழைய ஃபைல துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு நம்பர் போட்டு இந்தப் பக்கம் அனுப்பும். இந்தப் பக்கம் புது ஃபைல ஒவ்வொரு பைட்டா நகத்தி நகத்தி, எந்தத் துண்டு ஏற்கனவே அங்க இருக்குன்னு பாத்து, இல்லாதத மட்டும் அனுப்பும். அதனால நடுவுல எதையாவது சொருகி பின்னாடி இருக்கறதெல்லாம் தள்ளிப் போனாக் கூட கண்டுபிடிச்சுடும். சேத்து முடிச்சப்புறம் முழு ஃபைலுக்கும் ஒரு கணக்குப் போட்டு ரெண்டு பக்கமும் ஒத்துப் போகுதான்னு பாக்கும். 1996ல மெதுவான லைன வச்சுக்கிட்டு யோசிச்சது, இன்னிக்கு என் வேலைய ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக் குடுக்குது.

வீட்டுக்குள்ள ஒரு மெஷின்லருந்து இன்னொண்ணுக்கு அனுப்பறப்போ ரொம்ப மெதுவா இருந்துச்சு, செகண்டுக்கு 11 எம்பிக்கு மேல ஏறவே இல்ல, ஆர்சிங்க்லதான் கோளாறுன்னு ரெண்டு நாள் ஆப்ஷனா மாத்தி மாத்திப் பாத்தேன். கடைசில பாத்தா நடுவுல இருந்த குட்டி ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாத்தினதும் 110 எம்பி போச்சு, நாலரை மணி நேரம் ஆனது அரை மணில முடியுது. வேகம் வரலன்னா முதல்ல ஸ்விட்சும் கேபிளும் பாருங்க.

குறை இல்லாம இல்ல, ரெண்டு பெரிய பள்ளம் இருக்கு. ஃபோல்டர் பேருக்கு கடைசில சாய்வு கோடு போட்டா உள்ள இருக்கறது மட்டும் போகும், போடலன்னா ஃபோல்டரோட சேந்து போகும். எடுக்கற பக்கத்துலதான் இந்த வித்தியாசம். ஒரு தடவ போட்டு ஒரு தடவ போடாம விட்டதுல ஒரே கல்யாணம் தம்பி டிஸ்க்ல ரெண்டு எடத்துல உக்காந்து டிஸ்க் ரொம்பிப் போச்சு. ரெண்டாவது பள்ளம் டெலீட்னு ஒரு ஆப்ஷன், இந்தப் பக்கம் இல்லாதத அந்தப் பக்கமும் அழிச்சுடும். பேக்கப்ப சரிசமமா வைக்க நல்லது, ஆனா மூலத்தையும் சேர்ற எடத்தையும் மாத்தி எழுதினா, இல்ல டிஸ்க் மவுன்ட் ஆகாம ஃபோல்டர் காலியா இருக்கறப்போ ஓட்டினா, எல்லாம் போச்சு. எனக்கு அப்படி நடக்க இருந்துச்சு, மைனஸ் என் போட்டு ஒத்திகை பாத்ததால தப்பிச்சேன், ஸ்கிரீன் முழுக்க அழிக்கறேன் அழிக்கறேன்னு வரி வரியா ஓடுச்சு, கை நடுங்கிடுச்சு. மைனஸ் என் போட்டா எதையும் செய்யாது, என்ன செய்யும்னு மட்டும் காட்டும். டெலீட் இருக்கற கமாண்ட நான் மைனஸ் என் இல்லாம முதல் தடவ ஓட்டவே மாட்டேன், இது எங்க வீட்டு சட்டம்.

எக்ஸ்ஃபேட் போட்ட எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எடுக்கறப்போ மைனஸ் ஏ போட்டா ஓனர மாத்த முடியல, பர்மிஷன மாத்த முடியலன்னு எர்ரரா கொட்டும், அந்த ஃபார்மட்டுக்கு அதெல்லாம் தெரியாது, ஆர், டி (டைமுக்கு வர்ற டி), வி மட்டும் போடுங்க, அமைதியா போகும். பகல்ல ஓட்டணும்னா பிடபிள்யூலிமிட்னு ஒண்ணு இருக்கு, 2000னு குடுத்தா செகண்டுக்கு 2 எம்பி கிட்ட நிறுத்திக்கும், பசங்க ஆன்லைன் கிளாஸும் நடக்கும், ஃபைலும் போகும்.

கார்ட ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி அதே கமாண்ட்ல மைனஸ் சின்ன சியும் மைனஸ் என்னும் சேத்து ஒரு தடவ ஓட்டச் சொல்லுவேன், அப்ப சைஸும் தேதியும் மட்டும் பாக்காம ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபைலயும் முழுசாப் படிச்சு ஒப்பிடும். 180 ஜிபிக்கு அரை மணி கிட்ட ஆகும். ஒரு ஃபைல் பேரும் வராம முடிஞ்சா அவன் "சுத்தம் அக்கா"ன்னு ஒரு மெசேஜ் போடுவான், அதுக்கு அப்புறம்தான் அவரு கார்ட கேமராவுல போட்டு அழிப்பாரு. அவசர முகூர்த்தம் வந்தாலும் இத மாத்தறதில்ல, வேற கார்டு வாங்கிக்கோங்கன்னு சொல்லிடுவேன்.

ஆர்சிங்குக்கு நான் மார்க் குறைக்கறது விண்டோஸ்லதான். அது ரெண்டு பக்கமும் இன்ஸ்டால் ஆகியிருக்கணும், விண்டோஸோட சேந்து வராது. தம்பி விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டுவுக்குள்ளருந்து ஓட்டறான், ஓடுது, ஆனா அங்கருந்து விண்டோஸ் டிரைவ்ல எழுதறது கொஞ்சம் மெதுவு, எங்க நெட் ஸ்பீடுக்கு அது தெரியறதில்ல. முதல் வாரம் ரெண்டு ராத்திரி மெஷின் தானா ஸ்லீப்புக்குப் போயி டவுன்லோட் நின்னுடுச்சு, பவர் செட்டிங்ல அத நிறுத்தி வைங்க. கமாண்டே வேண்டாம்ங்கறவங்களுக்கு வின்எஸ்சிபி, ஃபைல்சில்லா இருக்கு, அதே எஸ்எஸ்எச் குழாய்ல எஸ்எஃப்டிபி ஓட்டும், மவுஸால இழுத்துப் போடலாம், நல்லாவே இருக்கு. ஃபைல்சில்லால எஃப்டிபி இல்ல, எஸ்எஃப்டிபின்னு தேர்ந்தெடுத்தீங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க.

எல்லாத்தையும் அப்டேட்ல வைக்கணும், இத ஒரு தடவ செட் பண்ணி மறந்துட முடியாது. 2024 மார்ச்ல எக்ஸ்இசட்னு ஒரு சுருக்கற லைப்ரரில ஒருத்தன் ரகசியமா ஒரு கதவு வச்சிருந்தான், சில லினக்ஸ்ல எஸ்எஸ்எச் வழியா உள்ள வர்ற மாதிரி. லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு சந்தேகப்பட்டு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்ங்கற இன்ஜினியர் அத கண்டுபிடிச்சாரு. அதே வருஷம் ஜூலைல ஓபன்எஸ்எஸ்எச்லயே ஒரு ஓட்டை, 2025 ஜனவரில ஆர்சிங்க்ல சில ஓட்டை, அதுக்கு 3.4.0 வந்துச்சு. ஞாயித்துக்கிழம காலைல அப்டேட் போடறது என் வேலை.

மார்க்குன்னு கேட்டா ஆர்சிங்குக்கு அஞ்சுக்கு நாலரை, எஸ்சிபிக்கு மூணு. எஸ்எஃப்டிபிய முதல்ல நான் பெரிசா மதிக்கல, புட், கெட்னு ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு, ரீகெட் போட்டா அறுந்தத தொடரலாம்ங்கறத தவிர எனக்கு அதுல ஒண்ணும் தோணல. இந்த ஆனி மாசம்தான் அதோட அருமை தெரிஞ்சுது. ஆவணில முகூர்த்தம் நிறைய இருக்கு, தம்பியால தனியா முடியாதுன்னு ஓசூர்ல இன்னொரு எடிட்டர சேத்தோம். நல்ல பொண்ணு, ஆனா புதுசு, அவங்களுக்குக் குடுக்கற ஒரு கல்யாணத்தத் தவிர மத்த நூறு வீட்டுப் படத்தையும் அவங்க பாக்க வேண்டிய அவசியம் இல்லயே. கமாண்ட் அடிக்கற உரிமை குடுத்தா ஃபோல்டர் ஃபோல்டரா சுத்தலாம். எஸ்எஃப்டிபில சுலபமா அடைச்சு வைக்கலாம். சர்வர் கான்ஃபிக்ல அவங்க யூசருக்குன்னு ஒரு பத்தி எழுதி, க்ரூட் டைரக்டரின்னு ஒரு ஃபோல்டர காட்டி, உள்ள இருக்கற எஸ்எஃப்டிபியத் தவிர வேற எதையும் ஓட்டாதேன்னு கட்டிட்டா, அவங்களுக்கு உலகமே அந்த ஒரு ஃபோல்டர்தான். அந்த மேல் ஃபோல்டர் ரூட்டுக்கு, அதாவது மெஷின்ல முழு அதிகாரம் இருக்கற யூசருக்கு, சொந்தமா இருக்கணும், வேற யாரும் எழுத முடியாததா இருக்கணும், இல்லன்னா லாகின் ஆகி உடனே கட் ஆகும். ஒரு சாயங்காலம் பூரா அதுலயே போச்சு. உள்ள இன்னொரு சின்ன ஃபோல்டர் அவங்க பேர்ல போட்டு அதுல எழுத விட்டேன், சரியாச்சு.

நேத்து அவங்களையும் போன்ல வச்சு அந்த 43 எழுத்தையும் வாசிச்சேன். பாதில அவங்க "இருங்கக்கா, எனக்கு இங்க சின்ன எல் இல்ல, பெரிய ஐ மாதிரி தெரியுது"ன்னாங்க, ஃபான்ட்ட மாத்திப் பாக்கச் சொல்லி, மறுபடி முதல்லருந்து வாசிச்சோம்.